நெக்லஸைத் தின்ற மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை என் சட்டை மீது ஒரு படையெடுப்பு நடந்தது. ஆணியில் மாட்டியிருந்த அந்த நீலச் சட்டை. பழைய துணிக்காரனுக்குக் கொடுத்தால் அவன் நம்மிடமே காசு கேட்பான் என்பாயே, அதேதான். எறும்புகள் ஜன்னலோரம் கிளம்பி, காலண்டரை வலம் வந்து, ஆணி வழியாக இறங்கி, மார்புப் பைக்குள் போய்க்கொண்டிருந்தன. கடக்வாஸ்லாவில் ராணுவப் பயிற்சி முடித்த எறும்புகளாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றுகூட வரிசை கலையவில்லை. தலைமை எறும்பு எனக்கு ஒரு சல்யூட் வைத்ததாகவும் ஞாபகம். பையைத் தலைகீழாகத் தட்டினேன். ஒரு காகிதப் பொட்டலம் விழுந்து பிரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக, முள் முள்ளாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்கரை மணிகள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எறும்புகள் என்னைச் சுற்றிக்கொண்டு போகின்றன. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘மகாஜனங்களே’ என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் என் கதைக்கு எப்போதுமே ஜனம் நீ ஒருத்தன்தான், இப்போது நீயும் இல்லை. பரவாயில்லை. நம் பாக்டரியின் சங்கு, முளா ஆற்றுத் தண்ணீர், உன் வழுக்கைத் தலை, இந்த மூன்றின் மேலும் சத்தியம் செய்து சொல்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயே நம்பியதில்லை. ஒவ்வொரு சங்கராந்திக்கும் நான் சொல்வேன், ஒவ்வொரு சங்கராந்திக்கும் நீ “புளுகாதே மச்சான்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. உன் வாழ்க்கையிலேயே சிறந்த காட்சியில் நீ சரியாக முழித்திருக்கவில்லை.

முதலில் இருமல்தான் வந்தது. உன் மகன் செந்திலுக்குக் கல்யாணம் ஆன வருஷம், மழை விட்ட சமயம். ஹிஞ்சேவாடிக்குப் போகும் கம்பெனி வண்டியில் அவனும் வைசாலியும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அந்த டிராபிக்கில் ஒரு சிக்னலில் பேச ஆரம்பித்து, அடுத்த சிக்னலில் காதலித்து, ஆபீஸ் கேட்டைத் தொடுவதற்குள் இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். மராட்டிக்காரப் பெண் மருமகளாக வருகிறாள் என்றதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கட்கிப் பேட்டை முழுக்க ஸ்கூட்டரில் பத்திரிகை வைத்தாய், பின் சீட்டில் நான். அந்தக் கல்யாணக் களை போவதற்குள் இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீ இருமினால் மும்பை எக்ஸ்பிரஸ், கார்டு விசில் என்று நினைத்துக் கட்கி ஸ்டேஷனில் நின்றுவிடும். அப்படி ஒரு இருமல். கூடவே இளைக்க ஆரம்பித்தாய். கொடியில் காயும் சட்டைக்குள் நீ இருக்கிறாயா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கை தனம் மடித்து வைப்பாள். சர்க்கரை உனக்குப் பல வருஷத்துச் சிநேகிதன் என்பதால், இளைத்ததை எல்லாரும் பாராட்டினார்கள். ‘கன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்க போல’ என்றார்கள். நீயும் பெருமையாகத் தொப்பை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டாய். சாயங்காலக் காய்ச்சல் வர ஆரம்பித்த பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சளியைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டி.பி.

டாக்டர் பொறுமையானவர். சர்க்கரை ஏறிக் கிடக்கிற உடம்பில் இந்தக் கிருமி சுலபமாக இடம் பிடித்துவிடும், இது வந்துவிட்டால் சர்க்கரை இன்னும் ஏறும், இரண்டும் கூட்டுக் களவாணிகள், இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்றார். மாதக்கணக்கில் மாத்திரை. கொஞ்ச நாளைக்கு இன்சுலின் ஊசி. நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் இனிப்பு கூடாது. வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். சில வாரம் ஒழுங்காக மாத்திரை போட்டால் மற்றவர்களுக்குப் பரவாது, தட்டு டம்ளர் வழியாக இது பரவுவதே இல்லை, வீட்டுக்காரர்கள் கூடவே இருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

அவர் சொன்னதில் எல்லாவற்றையும் கேட்டாய், கடைசி வாக்கியத்தைத் தவிர.

பால்கனி அறைக்குக் குடிபோனாய். தனித்தட்டு, தனி டம்ளர், தனி வாளி. கதவைச் சாத்திக்கொண்டாய். தனம் உள்ளே வந்தால் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பாய். என்னை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்க அனுமதித்தாய், அதுவும் காற்று உன் பக்கம் அடிக்கும்போது மட்டும். பாணேரில் ஒரு பிளாட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடு என்று செந்திலிடம் சொன்னாய். அவன் மாட்டேன் என்றதும் என்னிடம் வந்தது வழக்கு.

“புதுசா வந்த பொண்ணு மச்சான். அவங்க வீட்ல இன்னா சொல்வாங்க? சீக்காளி வீட்ல குடுத்துட்டோம்னு அழுவாங்க. நான் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்ல, அவ நெஞ்சுல இது போயிடக் கூடாது.”

  மாத்திரைக்குப் பிறகு உனக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்தாயே, நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் உன் மேல் கேஸ் போடப்போகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.  மாத்திரை நோயைக் கொன்றுவிடும், சரி. சாப்பிடவே ஆசையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறவனுக்கு எந்தக் கடையில் மாத்திரை வாங்குவது?

தனம் தனக்குத் தெரிந்த வழியில் போரில் இறங்கினாள். வீட்டில் சர்க்கரைக்குத் தடை. டப்பா போனது, வெல்லம் போனது, தேன் போனது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்து வைத்திருந்தேன், அதைப் போலீஸ் நாய்போல மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தாள். பூஜை அறையில் பிள்ளையார் கையிலிருந்த மோதகத்தை மறைத்து ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டினாள் என்றால் நம்பமாட்டார்கள். நான் ஒட்டினேன் என்று அவள் சொல்வாள். செந்தில் சர்க்கரையில்லாத டீ குடித்தான், வைசாலி குடித்தாள், மாடியில் தனிக்கட்டையாக இருந்துகொண்டு மூன்று வேளையும் தங்கை வீட்டில் கையை நனைக்கும் நானும் குடித்தேன். நீ தனியாக ஒன்றைத் துறக்கக் கூடாது, வீடே துறக்க வேண்டும் என்பது அவள் சட்டம். மார்கழிக் குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டுவிட்டு, ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் நாங்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்ததைப் பார்த்தவர்கள், எவரெஸ்டுக்கு நடுவழியில் தங்கியிருக்கும் கூட்டம் என்றே நினைத்திருப்பார்கள்.

வைசாலியின் போர் வேறு விதம். ஆபீஸ் கிளம்புமுன் அவித்த முட்டையும் சோள பாக்ரி ரொட்டியும் பருப்பும் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைப்பாள். பிறகு கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்பாள்.

“மாத்திரை?”

உள்ளேயிருந்து நீ சொல்வாய். “ஆச்சு.”

மாமனாருக்கும் மருமகளுக்கும் அத்தனை வாரமும் நடந்த பேச்சு வார்த்தை இவ்வளவுதான். அவளுக்குத் தமிழும் அப்போது அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பு அவளுடைய தமிழாசிரியரான நான். ஹிந்தியில் பெரியவர்களுக்குக் கடைசியில் ‘ஜி’ போடுகிறீர்கள் அல்லவா, தமிழில் அதற்கு ‘டா’ என்று பெயர், மரியாதை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் முதல் மரியாதையை முருகன் கோயில் குருக்களுக்குச் செலுத்தினாள். விபூதி குடுடா என்றாள். குருக்கள் நடுங்கிப்போய்த் தட்டோடு கொடுத்துவிட்டார். கோயிலிலிருந்து வீடு வரைக்கும் தனம் என்னைத் துரத்தினாள். அதன்பிறகு அந்தப் பெண் எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசினாள். வீட்டுப் பூனைகூட ‘வாங்க’ தான்.

இப்போது கதையின் வில்லன் வருகிறான், மச்சான். அவன் பெயர் கம்மி.

ஊசி போடக் கற்றுக்கொடுத்த நாளன்று, நர்ஸம்மா தனத்திடம் மராட்டியில் சொல்லியிருக்கிறாள்: “சாக்கர் கமி ஜாலீ தர் லகேச் காஹீத்ரீ கோட் த்யா.” சர்க்கரை குறைந்துபோனால் உடனே ஏதாவது இனிப்புக் கொடுங்கள் என்று அர்த்தம். வைசாலி அந்த நேரம் மருந்துக் கவுன்டர் வரிசையில் நின்றிருந்தாள். தனத்தின் மராட்டி உனக்குத் தெரியும். கல்யாணமாகிக் கட்கிக்கு வந்த நாளிலிருந்து காய்கறிச் சந்தையில் மட்டுமே புழங்கிய மராட்டி. அதில் அவளுக்கு உயிரான சொல் ‘கமி’. கமி கரா, விலையைக் கம்மி பண்ணு. கம்மி என்றால் அவளுக்கு வெற்றி. ஆகவே அவள் காதில் விழுந்தது இதுதான்: சர்க்கரை கம்மியாகிவிட்டால் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடலாம்.

“அந்த நர்ஸம்மா தங்கமானவ அண்ணே. ஆனா கொண்டாட்டமெல்லாம் நம்ம வீட்ல கெடையாது, சொல்லிட்டேன்” என்று எனக்குத் தீர்ப்பு வேறு படித்தாள். எனக்கும் உறைக்கவில்லை. கொண்டாட்டம் போச்சே என்றுதான் வருத்தப்பட்டேன்.

சங்கராந்தி வந்தது. வைசாலிக்குப் புகுந்த வீட்டில் முதல் சங்கராந்தி. அவர்கள் வழக்கப்படி புதுப்பெண் அன்றைக்குக் கறுப்புப் புடவை கட்டி, சர்க்கரையால் செய்த நகை போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா வீட்டிலிருந்து பெட்டி வந்தது. முள் முள்ளான சர்க்கரை மணிகளை நூலில் கோத்துக் கட்டிய நெக்லஸ், வளையல், தோடு, ஒட்டியாணம். அந்த மணிக்கு அவர்கள் ஊரில் பெயர் ஹல்வா. பெயரைக் கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டியவன் நான்தான். நம் அல்வாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தனத்துக்கு ஒரே நாளில் இரண்டு இடி. பொங்கலன்று கறுப்புப் புடவை. தடை செய்த சர்க்கரை, சம்பந்தி வீட்டுச் சீராக வாசல் வழியே கம்பீரமாக வருகிறது. திருப்பி அனுப்பவும் முடியாது. நீதிபதியாக என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைச் சுற்றி வந்து ஆராய்ந்து, கழுத்தில் இருக்கும்வரை நகை, வாயில் போனால்தான் சர்க்கரை என்று தீர்ப்பு சொன்னேன். அந்தத் தீர்ப்பு அன்று மத்தியானத்துக்குள் உடையப்போகிறது என்று யார் கண்டது?

சாயங்காலம் அவள் வீட்டுப் பெண்கள் மஞ்சள் குங்குமத்துக்கு வருவதாக இருந்தது. நீ காலையிலிருந்தே பால்கனி அறையின் மூலைக்கு நகர்ந்துவிட்டாய். ஊசி போட்டாயிற்று. வெண்பொங்கல் மட்டும் வைத்த பொங்கல், நம் வம்சத்திலேயே முதல் தடவை, அதைக் கதவுக்கு வெளியே வாங்கிக்கொண்டாய். மாத்திரை வயிற்றைப் புரட்டி, தின்றது அத்தனையும் வெளியே வந்திருக்கிறது. அதைச் சத்தமில்லாமல் கழுவிவிட்டாய். நல்ல நாளில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாயாம். ஊசி உள்ளே, சோறு வெளியே. அதன் ஆபத்து உனக்குத் தெரியவில்லை, வாந்தியே எங்களுக்குத் தெரியவில்லை.

வைசாலி நகையெல்லாம் பூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். “மாத்திரை?”

‘ஆச்சு’ வரவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். உள்ளேயிருந்து என்னவோ குரல், சொல்லாகவில்லை. அவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். ஜனவரிக் குளிர், நாலு பக்கமும் ஜன்னல் திறந்திருக்கிறது, உனக்கு வேர்த்து ஊற்றுகிறது. கடக்வாஸ்லா அணையில் இரண்டு மதகைத் திறந்ததற்கு அதுதான் காரணம், மழை என்று சொன்னதெல்லாம் அரசாங்கத்தின் சமாளிப்பு. கை நடுங்குகிறது. கண் எங்கோ இருக்கிறது. ஷிப்ட் முடிஞ்சிடுச்சு, கேட்டைத் தொற, கேட்டைத் தொற என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய்.

தனம் ஓடிவந்தாள். விரலைக் குத்தி, ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். அப்போது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே. நீ தாலி கட்டியபோதுகூட அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

“கம்மியாயிடுச்சு அண்ணே. இவ்ளோ கம்மியா வந்ததே இல்ல. வேர்க்குது பாரு, காய்ச்சலும் விடுது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பூஜை அறைப் பக்கம் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், மச்சான். உன் உயிர் போய்க்கொண்டிருந்தது. நானும் என் தங்கையும் கைகூப்பி நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

“ஆயி, கமி?” என்று மாமியாரிடம் மராட்டியில் கேட்டாள் வைசாலி. கருவியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் நிறமே மாறிப்போனது. சக்கரை, சக்கரை எங்கே என்று சமையலறைக்கு ஓடினாள். எங்கே இருக்கும்? அந்த வீட்டில் சர்க்கரையைக் கண்டுபிடிக்கத் தொல்பொருள் துறைதான் வந்து தோண்ட வேண்டும். எதிர் வீடு பூட்டு. மாடியில் என் சமையலறையில் இருப்பது ஒரு தண்ணீர்க் குடமும் தேங்காயெண்ணெய் பாட்டிலும். செந்தில் செருப்பில்லாமல் கடைக்கு ஓடினான். அவன் போய்வரும்வரை வைசாலி காத்திருக்கவில்லை. கழுத்திலிருந்த நெக்லஸை இழுத்து அறுத்தாள். கட்டிலில் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நீ அவளைத் தள்ளினாய். ஊர், பேர், காலம் எல்லாம் மறந்துபோன அந்த நிலையிலும் உனக்கு அது மட்டும் மறக்கவில்லை. “கிட்ட வராதம்மா. தள்ளிப் போ.” சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாய், மூச்சுக்கூட அவள் மேல் படக் கூடாது என்று.

அவள் உன் தாடையைப் பிடித்தாள். குருக்களுக்குப் பிறகு அவளிடம் யாரும் கேட்டிராத தமிழ் வந்தது.

“வாயத் தொறடா.”

நீ திறந்தாய். கேட்டைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ, திறந்தது உன் வாய். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் மணிகளை ஒதுக்கி வைத்தாள். அப்போதுதான் நீ கடித்தாய். முதலை வாயில் மாட்டிய விரல்கூட அதைவிடச் சுலபமாக வெளியே வந்திருக்கும். அவள் இழுக்கவில்லை. இடது கையால் இன்னும் நாலு மணியை உள்ளே தள்ளினாள். தனம் வளையலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள், அழுதுகொண்டே. அதை வாய் வாயாகக் குடித்தாய். பிறகு தோட்டைத் தின்றாய், ஒட்டியாணத்தைத் தின்றாய், தனத்தின் தாலியைப் பார்த்தாய், அவள் சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டாள். இப்படித்தான் நான் சொல்வது வழக்கம்.

மெதுவாக உன் கண் வீட்டுக்குத் திரும்பி வந்தது. எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். அமரவாக்கியம் ஒன்று வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா கறுப்புப் புடவை?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. எங்க ஊர்ல இன்னைக்கு இதுதாங்க என்றாள். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ கவனித்தாய், அவள் உன் கட்டிலில் உன்னை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று. வாயைப் பொத்தத் துண்டைத் தேடினாய். துண்டை எடுத்து அவள் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். அப்புறம் உன் தனித்தட்டையும் தனி டம்ளரையும் கொண்டுபோய்த் தேய்த்து, சமையலறை அலமாரியில் மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிட்டாள். அன்றிலிருந்து எது உன் தட்டு என்று யாருக்கும் தெரியாது. என் பங்குக்கு நீதான் தினமும் என் தட்டில் சாப்பிடுகிறாய் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஊசியின் அளவைக் குறைத்தார், சாப்பாடு வெளியே வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார், சர்க்கரைக்காரன் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருந்தே ஆக வேண்டும் என்றார். தனம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். கம்மியும் கஷ்டம்தான் என்று கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். புதுப்பெண் கழுத்து மொட்டையாக நிற்கிறது. நகை எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டாள். மாமனார் தின்றுவிட்டார் என்று வைசாலி மராட்டியில் சொன்னாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நீ பால்கனி அறையிலிருந்து வெளியே வந்தாய். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எனக்கு டி.பி. என்று நீயே சொன்னாய். உன் மராட்டி நடுங்கியது. யாரும் எழுந்து ஓடவில்லை. என் அப்பாவுக்கும் வந்ததுதான், மாத்திரை முடித்த பிறகு எங்களையெல்லாம் கட்டி மேய்த்தார் என்றாள் சம்பந்தியம்மா. எள்ளுருண்டையை உன் கையில் வைத்து, இனிப்பாகப் பேசுங்கள் என்று அவர்கள் வழக்கப்படி சொன்னாள். தனம் பருந்துபோலப் பார்த்தாள். நீ அதைத் தின்னவில்லை. பையில் போட்டுக்கொண்டாய்.

அதன்பிறகு உனக்குப் பசித்தது, மச்சான். வேறு என்ன சொல்ல? பசித்தது. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். “மாத்திரை?” என்றால் “ஆச்சு” என்பது கதவில்லாமல் கேட்டது. கடைசி மாத்திரை முடிந்து, நெஞ்சுப் படத்தைப் பார்த்து டாக்டர் தலையாட்டியபோது, நீ என்னைத்தான் கட்டிக்கொண்டாய். என் விலா எலும்பில் இரண்டு முறிந்தன.

அன்று தொடங்கி உன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருக்கும். இந்த முள் மணிகள். வைசாலி மடித்து வைப்பாள். தேவை வந்ததென்னவோ மறுபடி ஓரிரு தடவைதான். ஆனாலும் பை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. போன மழையில், டீ குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தாயே, ஆஸ்பத்திரியில் உன் சட்டையை மடித்து என் கையில்தான் கொடுத்தார்கள். பையில் பொட்டலம் அப்படியே இருந்தது. நுரையீரல் பழுதில்லை, சர்க்கரைகூட அன்றைக்கு ஒழுங்காக இருந்தது. இதயம் வேறு கணக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பொட்டலம் கட்டித்தர யாருக்கும் தெரியவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. வெட்கமாக இருக்கிறது, நீ இருந்திருந்தால் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பாய், சர்க்கரை போட்டு. நேற்று உன் மருமகள் மாடியேறி வந்து, என் பையில் இந்தப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். உன் பேரனுக்கு இது முதல் சங்கராந்தி. நீ பார்க்காத பேரன். அவனுக்குச் சர்க்கரைக் கிரீடம், சர்க்கரைப் புல்லாங்குழல் எல்லாம் வந்திருக்கிறது. உதிர்ந்த மணிகள் எனக்கு. தினமும் காலையில் மாடிப்படியிலிருந்து குரல் வருகிறது: “மாமா, மாத்திரை போட்டியாடா?” அர்த்தம் தெரிந்தேதான் சொல்கிறாள். அன்றைக்கு உன்னிடமும் தெரிந்தேதான் சொன்னாளாம். ‘ங்க’ போட்டால் அப்பா திறந்திருக்க மாட்டார் என்றாள். நீ மட்டும் என்ன, அம்மா போனபிறகு யாரும் என்னை அப்படி அதட்டியதில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தானே.

சரி மச்சான். எறும்புகள் பாதிப் பொட்டலத்தைக் கொண்டுபோய்விட்டன. சத்தியம் செய்துவிட்டு ஆரம்பித்ததால் முடிவிலாவது யோக்கியனாக இருக்கிறேன். எக்ஸ்பிரஸ் கட்கியில் நின்றதில்லை. அணையை யாரும் திறக்கவில்லை. பிள்ளையார் மோதகத்தில் காகிதம் ஒட்டியது நான். தோட்டையும் ஒட்டியாணத்தையும் நீ தின்னவில்லை, நெக்லஸிலும் முக்கால்வாசி தரையில் சிந்திப்போய் மறுநாள் வரை காலில் குத்தியது. நீ ‘புளுகாதே’ என்றது எல்லாமே நியாயம், ஒன்றைத் தவிர.

ஒவ்வொரு சங்கராந்திக்கும் அந்தக் கடி வரும் இடத்தில் நீ கதையை நிறுத்துவாய். சிரிக்க மாட்டாய். வைசாலி பக்கம் திரும்பி, நிஜமாவே கடிச்சேனாம்மா என்பாய். அவள் கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு, மாமா புளுகறாருப்பா, பாக்ரி சுடும்போது தவா பட்டுடுச்சு என்பாள். உன் முகம் தெளியும். நானும் வாயை மூடிக்கொண்டு புளுகன் பட்டத்தை வாங்கிக்கொள்வேன்.

நேற்று பொட்டலத்தை என் பையில் வைக்கும்போது அந்த விரல் கண்ணெதிரே இருந்தது. தவா சுட்டால் அப்படி வளைவாக, புள்ளி புள்ளியாகத் தழும்பு விழாது. உன் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிகூட அதில் இருக்கிறது.

கடித்தாய், மச்சான். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.